அடி கீழே, நுனி மேலே

பெலிண்டாவின் விசிட்டிங் கார்டில் மூன்றே வரிகள். பெயர் ஒரு வரி, போன் நம்பர் ஒரு வரி. மூன்றாவது வரிதான் வம்பு: ‘மரம் எப்படி நின்றதோ, பலகையும் அப்படியே நிற்கும்.’ அச்சகத்துக்காரர் அதைப் படித்துவிட்டு, “இதுக்கு என்னங்க அர்த்தம்?” என்று கேட்டார். “பலகை செய்ய வர்றவங்களுக்குப் புரியும், நீங்க அடிங்க” என்று சொல்லிவிட்டாள்.

மரத்தில் பெயர்ப் பலகை செய்து கொடுப்பவர்கள் திருச்சியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் எழுத்தைத் தட்டினால் மெஷின் வெட்டித் தள்ளிவிடும். காலையில் சொன்னால் மாலையில் பலகை. எல்லாம் நீள்சதுரம், எல்லாவற்றுக்கும் ஒரே முகம். பெலிண்டாவுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. மரம் என்ன பிஸ்கெட்டா, அச்சில் வெட்டி எடுக்க என்பாள். மேலப்புதூரில் அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நேரான பலகை ஒன்றுகூடக் கிடையாது. வளைந்தது, ஒரு பக்கம் பட்டை ஒட்டியது, நடுவில் முடிச்சு விழுந்தது, தச்சர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியது எல்லாம் அங்கேதான் சுவரில் சாய்ந்து நிற்கும்.

வேலை செய்யும் விதமும் தனிதான். பலகையின் மேல் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றுவாள். ஈரத்தில் ரேகைகள் எழுந்து வரும். பழைய காலண்டர் தாளில் எழுத்துகளை வெட்டி, அந்த ரேகைகளின் மேல் வைத்து, நகர்த்தி, எடுத்து, மறுபடி வைப்பாள். எங்கே எழுத்து மரத்தோடு ஒத்துப்போகிறதோ அங்கேதான் உளி இறங்கும். ஜஹானாரா என்ற வாடிக்கையாளரின் பேக்கரிக்குச் செய்த பலகை வில்லாக வளைந்தது. எழுத்துகள் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டே ஏறி இறங்கின. நடுவில் முடிச்சு உள்ள பலகையைப் பார்த்தால் மட்டும் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே யோசனை: “இந்த முடிச்சை ஸ்ரீரங்கம்னு வெச்சு, சுத்திப் போற கோட்டைக் காவேரி, கொள்ளிடம்னு செஞ்சா எப்படி இருக்கும்?” தாங்கள்தான் கண்டுபிடித்தது போன்ற ஒரு பெருமிதத்தோடு கேட்பார்கள். “நீங்க பதினேழாவது ஆளுங்க” என்பாள் பெலிண்டா.

இந்தப் பிடிவாதம் அவளுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வயதில் அவள் சேர்ந்தது கல்லறைக் கல் வெட்டும் கடையில். பதினோரு வருடம் அங்கே எழுத்து வரைந்தாள். பெயர், பிறப்பு, இறப்பு, மேலே ஒரு சிலுவை. பிறகு ஒருநாள் அவள் அப்பா பெஞ்சமினின் கல்லை அவளே வெட்ட வேண்டி வந்தது. பெஞ்சமின் ரயில்வேயில் வேலை பார்த்தபோது ஒரு விபத்தில் இடுப்பு ஒடிந்து, அதன் பிறகு கடைசிவரை இடது பக்கம் சாய்ந்தே நடந்தவர். தெருமுனையில் வரும்போதே அந்தச் சாய்வை வைத்துத்தான் அவள் அப்பாவை அடையாளம் காண்பாள். கல்லை வெட்டி நிமிர்த்தி வைத்துப் பார்த்தால், மற்ற கல்லைப் போலவே அதுவும் நெட்டுக்குத்தலாக, நாலு மூலையும் சரியாக நின்றது. அது அப்பாவின் கல் மாதிரியே இல்லை. பெலிண்டா அழுதாள். அடுத்த மாதமே கல்லை விட்டுவிட்டு மரத்துக்கு வந்துவிட்டாள்.

“செத்தவங்க குறை சொல்ல மாட்டாங்க. உயிரோட இருக்கிறவங்களுக்குப் பலகை செய்யறதுதான் கஷ்டம்” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். பதினைந்து வருடமாக அந்தக் கஷ்டத்தைச் சந்தோஷமாகத்தான் படுகிறாள்.

சென்ற தை மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கமலினி இயன்முறை மருத்துவர். சித்திரை வீதியில் உள்ள தங்கள் வீட்டின் முன்பகுதியில் சொந்தமாகக் கிளினிக் தொடங்கப்போகிறாள். கூட வந்தவர் அவள் அப்பா வீரராகவன், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கமலினி ஷெட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, வீரராகவன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரியை இரண்டு தரம் படித்தார்.

“எங்காத்துல நிலைக்கதவு வெச்சபோது ஆசாரி இதையேதான் சொன்னார். நிலைக்கால் நட்டா மரத்தோட அடி கீழ இருக்கணும், நுனி மேல இருக்கணும். மாத்தி நட்டா மரம் தலைகீழா நிக்கறாப்பல. நீங்களும் அப்படித்தானா?”

“அப்படியேதாங்க சார். படுக்கவெச்சாலும் அடி எது, நுனி எதுன்னு பார்த்துத்தான் வெப்பேன்.”

“அப்போ சரி. வேற எது எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அடி கீழ, நுனி மேல. அது ஒண்ணு போதும் எனக்கு.”

“அதுல தப்பு வந்தா இந்தக் கார்டையே கிழிச்சுப் போட்டுடறேன் சார்” என்றாள் பெலிண்டா. வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

பலகை ஏற்கெனவே அவள் மனதில் இருந்தது. அரியமங்கலத்தில் அறுவை மில் வைத்திருக்கும் ஆரிஃப் கோணல் மரம் எது வந்தாலும் அவளுக்குத்தான் முதலில் போன் செய்வான். இரண்டு வருடத்துக்கு முன்னால், லால்குடி பக்கம் வாய்க்கால் கரையில் நின்ற ஒரு வாகை மரம் ஆடிக் காற்றில் விழுந்து அவன் மில்லுக்கு வந்தது. அதிலிருந்து அறுத்த நாலடிப் பலகை ஒன்று அவள் ஷெட்டில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு முனை குறுகலாக, மறு முனை அகலமாக, நடுவில் கறுத்த வைரம் பாய்ந்த பலகை. அகலமான முனையின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. யாரோ எப்போதோ அந்த மரத்தில் ஆணி அறைந்திருக்கிறார்கள். ஆணி போய்விட்டது, கறை தங்கிவிட்டது.

மரம் என்றால் அடி பருத்திருக்கும், நுனி சிறுத்திருக்கும். எனவே அகலமான முனையைக் கீழே வைத்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ரேகைகள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கீழ்நோக்கி விரிந்து, மயில் தோகையைத் தாழ்த்தியது போல இறங்கின. இப்படி ஒரு பலகை அவள் கைக்கு வந்ததே இல்லை. குறுகலான மேல்பகுதியில் ‘கமலினி’, அகலமான கீழ்ப்பகுதியில் ‘இயன்முறை மருத்துவம்’ என்று முடிவு செய்தாள். கறையை அப்படியே விட்டு, கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் அது ஒரு முற்றுப்புள்ளி மாதிரி நிற்கும்படி அமைத்தாள்.

ஒன்று மட்டும் இடித்தது. ‘லி’, ‘னி’ இரண்டு எழுத்திலும் தலைக்கு மேல் எழும் வளைவு உண்டல்லவா? மரத்தின் ரேகை கீழே இறங்க, அந்த இரண்டு வளைவுகளும் மேலே ஏறின. எழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள், எதற்கும் மசியவில்லை. எழுத்தும் மரமும் சண்டை போட்டால் வேலையை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும் என்பது அவளே வைத்துக்கொண்ட சட்டம். அன்றைக்கு யோசிக்கவில்லை. தோகையின் அழகில் மயங்கிப்போய், வளைவுகளைக் குட்டையாக வெட்டி அடக்கிவிட்டாள்.

கிளினிக் திறப்பு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு நல்ல நேரம் பார்த்து, சித்திரை வீதி வீட்டு வாசல் தூணில் பலகையை ஏற்றினார்கள். வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வீரராகவன் ஒவ்வொருவரிடமும், “அடி கீழ, நுனி மேல. கவனிச்சேளா?” என்று கேட்டுப் பாடம் நடத்தினார். கமலினி போட்டோ எடுத்து உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். பெலிண்டா காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை காலை வேறு ஒரு பலகைக்காக ஆரிஃபின் மில்லுக்குப் போனாள். ஆரிஃப் டீ வாங்கிக் கொடுத்தான். உட்கார இடம் தேடியபோது, மில் ஆட்கள் ஆசனமாக வைத்திருந்த ஒரு கட்டையை இழுத்துப் போட்டான். இரண்டு கிளை பிரிகிற இடத்தை அறுத்தெடுத்த கட்டை. கிளைகள் இரண்டும் முழ நீளத்தில் வெட்டப்பட்டு, கவட்டையாக நின்றன. தரையில் அந்தக் கவட்டையைக் கவிழ்த்து, தட்டையான அடிப்பக்கத்தை மேலே வைத்து உட்காருவார்கள் போலிருக்கிறது. பெலிண்டா உட்காரப் போனவள், உட்காரவில்லை. தட்டையான பக்கத்தின் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, ஒரு கறுப்புக் கறை இருந்தது.

“தம்பி, இது எந்த மரம்?”

“உங்க வாகைதான்க்கா. நீங்க எடுத்துட்டுப் போன பலகைக்கு நேர் மேல இருந்த துண்டு. கவட்டையை யாரு வாங்குவா? அதான் ஆளுங்க உட்காரட்டும்னு போட்டுட்டேன்.”

நேர் மேலே. டீ கையில் ஆறியது. கிளை பிரிவதற்குச் சற்றுக் கீழே மரம் இரண்டு பக்கமும் அகன்று கொடுக்கும். தோளுக்குக் கீழே மார்பு அகல்வது மாதிரி. அவள் பலகை அந்த இடத்திலிருந்து வந்தது. அகலமாக இருந்த முனை அடி இல்லை, நுனி. தோகை தாழவில்லை, இரண்டு கிளைக்கும் வழிவிட்டு மேல்நோக்கி விரிந்திருக்கிறது. அவள்தான் அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். சித்திரை வீதியில், நாலு பேர் பார்க்க, வாகை மரம் தலைகீழாக நின்றுகொண்டிருக்கிறது.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?” என்றான் ஆரிஃப். சொன்னாள். அவன் யோசித்துவிட்டு, “இந்தக் கட்டை எங்கேயிருந்து வந்ததுன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். நான் வாயைத் திறக்க மாட்டேன். விறகுக்குப் போட்டுடவா?” என்று கேட்டான்.

அவன் நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். பெலிண்டாவும் ஒரு நிமிஷம் அந்தக் கட்டை எரிவதைக் கற்பனை செய்து பார்த்தாள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இனி யாருக்காவது கார்டை நீட்டும்போதெல்லாம் அந்த மூன்றாவது வரி அவளையே பார்த்துச் சிரிக்கும். “கட்டையைத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு, மில்லிலிருந்து நேரே ஸ்ரீரங்கத்துக்கு வண்டியை விட்டாள்.

மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளைப் பாலத்திலேயே தயார் செய்து வைத்திருந்தாள். சண்டைக்குத் தயாராக வரவில்லை. அங்கே போனால் சண்டைதான் நடந்தது.

“தலைகீழாவது? நீங்கதானே அடி கீழன்னு சொன்னேள்! அகலமா இருக்கறது அடி, குறுகலா இருக்கறது நுனி. இதுல என்ன சந்தேகம்?” என்றார் வீரராகவன்.

“எல்லா மரத்துக்கும் அது சரிங்க சார். இது கவட்டைக்குக் கீழ இருந்த துண்டு. நான் கவனிக்காம விட்டுட்டேன். கழட்டிக் கொடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணித் தரேன்.”

“நல்ல நேரம் பார்த்து ஏத்தின பலகையைக் கழட்டறதாவது! ஊர் பூரா பார்த்தாச்சு. நன்னாத்தான் இருக்கு. நீங்க சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்கறேள்.”

வாடிக்கையாளர் பலகை தப்பு என்று சொல்ல, செய்தவர் சரி என்று சாதிப்பதுதான் உலக வழக்கம். இங்கே எல்லாம் மாறி நடந்தது. தன் வேலை தப்பு என்று பெலிண்டா ஒற்றைக் காலில் நிற்க, அதில் தப்பே இல்லை என்று அவர் மல்லுக்கு நின்றார். கடைசியில் கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார்.

“நிரூபணம் இருக்கா உங்ககிட்ட?”

“இருக்குங்க. நாளைக்குக் காலையில கொண்டு வரேன்.”

மறுநாள் ஆரிஃபே லோடு ஆட்டோவில் கட்டையை ஏற்றிக்கொண்டு வந்தான். அவனும் டிரைவருமாகத் தூக்கி, தூணில் தாழ்வாகத் தொங்கிய பலகைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். கட்டையின் தட்டையான பக்கமும் பலகையின் கீழ் ஓரமும் சேர்ந்தன. பெலிண்டா மண்டியிட்டு, கட்டையை அங்குலம் அங்குலமாகத் திருப்பினாள். கறையோடு கறை பொருந்தியது. பலகையின் ரேகைகள் அப்படியே கட்டைக்குள் இறங்கி, இரண்டு கிளையாகப் பிரிந்து தரையில் ஊன்றின.

வீரராகவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பொருத்தத்தை மறுக்க முடியவில்லை. ஆனாலும் விட மனசு வரவில்லை. “ரெண்டு காலை ஊணிண்டு நிக்கறாப்பல இருக்கு. இதுவும் ஒரு அழகுதானே?” என்றார்.

அதுவரை வாசல்படியில் நின்ற கமலினி இறங்கி வந்தாள்.

“அப்பா, அது கால் இல்லை. கை. மரம் ரெண்டு கையையும் தரையில ஊணிண்டு தலைகீழா நிக்கறது. இதை வாசல்ல வெச்சுண்டு, உள்ள வரவாளை நான் எப்படி ‘நிமிர்ந்து நில்லுங்கோ’ன்னு சொல்றது?”

அவர் நிமிர்ந்தார். ஒரு நீண்ட மூச்சு விட்டார். “சரி. நிரூபணம் ஆயிடுத்து” என்றார். ஆனால் உடனே இன்னொரு சிக்கல் நினைவுக்கு வந்துவிட்டது. “இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. கழட்டப்படாதே.”

“புதன்கிழமை எடுத்தா வெள்ளிக்கிழமைக்கு முடியாதுங்க சார்” என்றாள் பெலிண்டா.

வீரராகவன் வீதியை ஒரு தரம் பார்த்தார். பெருமாள் வருஷம் முழுக்க வாகனமேறி உலா வரும் வீதி அது. “கழட்டறதுன்னு யார் சொன்னா? புறப்பாடு. இன்னிக்குப் புறப்பாடு ஆகட்டும், வெள்ளிக்கிழமை திரும்ப எழுந்தருளப் பண்ணிடலாம்” என்றார். தம் மனசுக்குத் தாமே வழி சொல்லிக்கொண்ட திருப்தி முகத்தில் தெரிந்தது. ஆரிஃபும் டிரைவரும் பலகையை இறக்கினார்கள்.

“முன்பக்கத்தை இழைச்சு எடுத்துட்டு, அதுலயே திரும்பச் செதுக்கறேங்க” என்றாள் பெலிண்டா.

“அழிக்கப் போறேளா?” என்றார் வீரராகவன். “முப்பத்தஞ்சு வருஷம் பசங்களுக்கு ஒண்ணு சொல்லிண்டிருந்தேன். கணக்கு தப்பாப் போனா அழிக்கப்படாது. மேல ஒரு கோடு இழுத்துட்டு, அடுத்த பக்கத்துல புதுசாப் போடணும். இதுக்கும் அடுத்த பக்கம் இருக்கே?”

இருந்தது. பின்பக்கத்தில் அறுவை ரம்பத்தின் தழும்புகள் இன்னும் அப்படியே இருந்தன. ஷெட்டுக்குக் கொண்டுவந்து இழைப்புளியை ஓட்டியபோது, சுருள் சுருளாக மரம் உரிந்து, அடியில் அதே ரேகைகள் தெரிந்தன. இந்த முறை அகலமான முனையை மேலே வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். ரேகைகள் நடுவிலிருந்து பிரிந்து மேலே ஏறின. காலண்டர் தாளில் வெட்டிய ‘கமலினி’யைப் பெரிதாக, அகலமான மேல்பகுதியில் வைத்தாள். ‘லி’யின் வளைவும் ‘னி’யின் வளைவும் ரேகையோடு ரேகையாக எழுந்து, ஒரே வாக்கில் போய் நின்றன. நகர்த்த வேண்டிய அவசியமே வரவில்லை. முந்தைய தடவை அவள் குட்டையாக வெட்டி அடக்கிய அதே வளைவுகள். அவை அன்றைக்கே சொல்லியிருக்கின்றன. அவள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மாலை எண்ணெய் பூசி முடித்தாள். குறுகிக்கொண்டே போன கீழ்ப்பகுதியில் ‘இயன்முறை’, அதற்கும் கீழே ‘மருத்துவம்’ சின்ன எழுத்தில் அடங்கின. ஆணிக் கறை இந்தப் பக்கமும் ஊறி வந்திருந்தது. இப்போது அது மேல் ஓரத்தில் பொட்டு மாதிரி இருந்தது. தன் வேலையைப் பார்த்துத் தானே மெச்சிக்கொள்வதில் பெலிண்டா என்றும் கஞ்சத்தனம் செய்ததில்லை. இது முதல் பக்கத்தைவிட நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு பலகையைத் திருப்பி, தப்பான பக்கத்தின் குறுக்கே உளியால் ஒரு நேர்கோடு இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பலகையை மாட்டப் போனால், வீரராகவன் இரண்டு பித்தளைக் கீல்களோடு நிற்கிறார்.

“ஜன்னல் கதவு மாதிரி ஒரு பக்கம் கீல் வெச்சு மாட்டுங்கோ. திறந்து பின்பக்கத்தையும் பார்க்கறாப்பல.”

“சார்! என் தப்பைப் போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் காட்டப் போறீங்களா?” பெலிண்டாவின் குரல் உயர்ந்தது. சுவரைப் பார்த்தபடி அந்தப் பக்கம் காலத்துக்கும் இருக்கட்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“விடையை மட்டும் காட்டினா மார்க் கிடையாதும்மா. வழியையும் காட்டணும். நீங்க அன்னிக்கு வந்து சொல்லலேன்னா இந்த ஜன்மத்துல எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதையும் நாலு பேர் பார்க்கட்டுமே.”

பெலிண்டா கீலை வாங்கினாள். கோபம் தீரவில்லை, ஆனால் திருகாணிகளை நேராகத்தான் இறக்கினாள். பலகை ஏறியதும் கமலினி தள்ளிப் போய் நின்று பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். “தோள்வலின்னு வரவாளுக்கு நான் சொல்லிக்கொடுக்கற முதல் பயிற்சியே இதுதான்க்கா” என்றாள்.

ஒரு மாதம் கழித்து, மண்ணச்சநல்லூரிலிருந்து யமுனா என்று ஒரு பெண்மணி ஷெட்டுக்கு வந்தாள். அரிசி மில்காரர்கள் வீடு. புது வீட்டுக்குப் பலகை வேண்டும். முழங்கால் வலிக்கு ஸ்ரீரங்கம் போன இடத்தில் பார்த்தாளாம்.

“அங்க ஒரு பெரியவர் இருக்காருங்க. பலகையைத் திறந்து திறந்து காட்டிக்கிட்டே இருக்காரு. எனக்கு முன்னாடி வந்தவங்களுக்கும் காட்டினாரு, எனக்கும் காட்டினாரு. நீங்களே தேடிப் போய்த் தப்புன்னு சொன்னீங்களாம்ல? அதைக் கேட்டுட்டுத்தாங்க நான் வந்தேன்.”

பெலிண்டாவுக்கு அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை அவள்.

“அப்போ உங்களுக்கும் ஒண்ணு தலைகீழா செஞ்சு மாட்டிட்டு, அப்புறமா வந்து சொல்லணுமாங்க?” என்று கேட்டாள். யமுனா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் பெலிண்டா ஆரிஃபுக்குப் போன் போட்டாள். “தம்பி, அடுத்து கோணல் மரம் வந்தா அறுக்கறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லுங்க. சாக்பீஸ் எடுத்துட்டு நானே வந்து மேல எது, கீழ எதுன்னு அம்புக்குறி போடறேன்” என்றாள். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, யமுனாவிடம் ஒரு கார்டைக் கொடுத்தாள். அதில் இப்போதும் அதே மூன்று வரிகள் இருந்தன.